நாள்பட்ட மைக்ரேன் இருக்கறப்போ டிப்ரஷனுக்கு மருந்து தேர்ந்தெடுக்கறது

"தலைவலி போச்சுன்னா மனசு தானா சரியாயிடும்மா." இத அம்மா சொன்னாங்க, மாமியார் சொன்னாங்க, ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க, நான் முதல்ல பாத்த நியூரோ டாக்டரும் சீட்டு எழுதிக்கிட்டே இதையேதான் சொன்னார். யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா இத நம்பி எத்தனையோ பேரு டிப்ரஷனுக்குன்னு தனியா வைத்தியமே பாக்காம வருஷக்கணக்கா தலைவலி மாத்திரைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் டாக்டர் இல்ல, திருச்சில ஒரு ஸ்கூல்ல எட்டாவது, ஒன்பதாவதுக்கு சயின்ஸ் எடுக்கற டீச்சர். ரெண்டு நோயும் எனக்கு இருக்கு, ரெண்டுக்கும் சேர்த்து மருந்து தேர்ந்தெடுக்கறதுல என்னென்ன பாக்கணும்னு கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், அதத்தான் சொல்லப் போறேன்.

நாள்பட்ட மைக்ரேன்னு டாக்டருங்க சொல்றதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ தலைவலி, அதுல குறைஞ்சது 8 நாள் மைக்ரேனுக்கே உரிய மாதிரி வலி, இப்படி 3 மாசத்துக்கு மேல போனா அது நாள்பட்டது. எனக்கு அந்தக் கோட்டத் தாண்டி ரொம்ப காலம் ஆச்சு. வலது பக்க நெத்திப்பொட்டுல ஆரம்பிச்சு கண்ணுக்குப் பின்னாடி இறங்கும், குமட்டும், டியூப்லைட் வெளிச்சம் ஆகாது, பக்கத்து வீட்டுல தாளிக்கற வாசனை வந்தாக்கூட வாந்தி வரும். இதெல்லாம் மைக்ரேன் இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், இதோட விட்டுடறேன்.

டிப்ரஷன எப்படி கண்டுபிடிச்சாங்கங்கறது முக்கியம். சைக்யாட்ரிஸ்ட் கிட்ட போனப்போ பிஎச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் குடுத்தாங்க, 9 கேள்வி, மொத்தம் 27 மார்க், 10ஓ அதுக்கு மேலயோ வந்தா கவனிக்கணும். அத நிரப்பும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு, ஏன்னா தூக்கம் சரியில்லையா, பசி இல்லையா, அசதியா இருக்கா, கவனம் நிக்கலையானு பாதிக் கேள்வி தலைவலிக்காரங்க யாரக் கேட்டாலும் ஆமான்னு சொல்ற கேள்விதான். அந்த டாக்டரம்மா தாள வாங்கிப் பாத்துட்டு, "இதுல எது தலைவலியால, எது அது இல்லாமலேன்னு பிரிச்சுக்கலாம். தலைவலி சுத்தமா இல்லாத நாள்ல நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. அதுக்கு முன்னாடி யாரும் என்ன அப்படிக் கேட்டதே இல்ல. வலி இல்லாத ஞாயித்துக்கிழமைலயும் நான் குளிக்காம மத்தியானம் வரைக்கும் கட்டில்லயே உக்காந்திருப்பேன், பொண்ணு பக்கத்துல வந்து கதை சொன்னா காதுல விழும் ஆனா முகத்துல ஒண்ணும் வராது, மாடில நானே வாங்கி வெச்ச மல்லிச்செடி வாடிக்கிடக்கறதப் பாத்தும் ஒரு செம்பு தண்ணி ஊத்தணும்னு தோணாது. இத சொன்னேன். "அப்ப இது தனியா நிக்கற நோய்தான், தலைவலியோட நிழல் கிடையாது"ன்னாங்க. அந்தப் பதில்லதான் எனக்கு வழியே தொறந்துச்சு.

அதுக்காக ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு அர்த்தம் இல்ல. மைக்ரேன் இருக்கறவங்களுக்கு டிப்ரஷன் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகம், அதே மாதிரி டிப்ரஷன் இருக்கறவங்களுக்கும் மைக்ரேன் வர்ற வாய்ப்பு அதிகம், ரெண்டு பக்கமும் பாதை இருக்குன்னு பல வருஷமா ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. செரட்டோனின் மாதிரி மூளை ரசாயனம், பரம்பரை, தூக்கக் கேடு, தொடர்ந்து வலியோட வாழறதோட பாரம்னு ரெண்டுக்கும் பொதுவான காரணங்கள் நிறைய. டிப்ரஷன் கூடினா தலைவலி நாளும் கூடும், விட்டுவிட்டு வந்த மைக்ரேன் நாள்பட்டதா மாறவும் அது ஒரு காரணமாகலாம். அதனால "முதல்ல இத முடிப்போம், அப்புறம் அதப் பாப்போம்"ங்கறது இங்க சரிப்படாது. ரெண்டு சீட்டையும் ஒரே மேஜைல வெச்சு முடிவெடுக்கணும். இந்த ஒரு விஷயம் மனசுல நின்னா போதும், மீதியெல்லாம் அதுக்குள்ள வர்ற விவரந்தான்.

புது மருந்து சேக்கறதுக்கு முன்னாடி டாக்டரம்மா செஞ்ச முதல் வேலை, ஏற்கனவே நான் என்ன சாப்பிடறேன்னு பாத்தது. அப்ப எனக்கு ராத்திரி ஃப்ளூனரிசின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நம்ம ஊர்ல மைக்ரேனுக்கு இது ரொம்ப சாதாரணமா எழுதற மருந்து, நிறைய பேருக்கு நல்லா கேக்கவும் செய்யுது. ஆனா அதோட பக்கவிளைவுல தூக்கம், எடை ஏறறது இதுங்களோட டிப்ரஷனும் ஒண்ணு, முன்னாடி டிப்ரஷன் இருந்தவங்களுக்கு இத குடுக்கக்கூடாதுன்னே சொல்றாங்க. என் மனசு கீழ போனதுக்கு அதுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், அதுக்கு முன்னாடியே சரிவு இருந்துச்சு, ஆனா அத நிறுத்தினது நல்ல முடிவு.

அதுக்கும் முன்னாடி டோபிராமேட் குடுத்திருந்தாங்க, வலிப்புக்கும் குடுக்கற மருந்து அது. தலைவலிக்கு நல்ல மருந்து, எனக்கும் நாள் குறைஞ்சுச்சு. ஆனா விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அதக்கூட பொறுத்துக்கலாம், வார்த்தை வராம போனதத்தான் தாங்க முடியல. ஒன்பதாவது வகுப்புல போர்டுல இலை படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு நிறுத்திட்டேன், "இலைத்துளை"ங்கற வார்த்தை வரவே இல்ல. படம் தெரியுது, வேலை தெரியுது, பேரு மட்டும் வரல. முன் பெஞ்ச் பையன் மெதுவா எடுத்துக்குடுத்தான். வார்த்தை தட்டறது இந்த மருந்துல தெரிஞ்ச பக்கவிளைவு. டோபிராமேட்டும் மனநிலைய கீழ இறக்கலாம், வலிப்பு மருந்து வகை எல்லாத்துக்குமே தற்கொலை எண்ணம் பத்தின எச்சரிக்கைய அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008ல விட்டுருக்கு. கர்ப்பம் ஆக வாய்ப்பிருக்கற பொண்ணுங்க டோபிராமேட், மைக்ரேனுக்குக் குடுக்கற இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் ரெண்டுலயும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், குழந்தைக்குக் குறைபாடு வரலாம், இத டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களே வாயத்தொறந்து சொல்லுங்க. மைக்ரேன தடுக்கக் குடுக்கற ப்ரோப்ரனலால் பத்தியும் டிப்ரஷன் வரும்னு ஒரு பழைய பயம் இருந்துச்சு, பின்னாடி வந்த ஆய்வுகள்ல அந்தப் பயத்துக்கு அவ்வளவு ஆதாரம் இல்லன்னு ஆயிடுச்சு, ஆனா ஆஸ்துமா இருந்தா அது ஆகாது.

சரி, டிப்ரஷனுக்கு எது? எல்லாரும் ஆசைப்படறது ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. அப்படி நம்ம பக்கம் முதல்ல பேரு வர்றது அமிட்ரிப்டிலின். 60கள்ல இருந்து இருக்கற பழைய மருந்து, விலை ரொம்ப குறைவு, மைக்ரேன தடுக்கவும் குடுக்கறாங்க, டிப்ரஷனுக்காக வந்த மருந்தும் அதுதான். ஆனா இங்கதான் யாரும் விளக்காத ஒரு விஷயம் இருக்கு. தலைவலிக்கு 10, 25 மில்லிகிராம்னு சின்ன அளவுலயே வேலை செய்யும். டிப்ரஷனுக்கு வேணும்னா பொதுவா 75ல இருந்து 150 வரைக்கும் போகணும். தலைவலிக்கு 10 மில்லிகிராம் சாப்பிட்டுக்கிட்டே "டிப்ரஷன் மருந்துதானே எடுக்கறேன், ஏன் மனசு தேறல"ன்னு நினைக்கறவங்க நிறைய பேரு, அவங்க டிப்ரஷனுக்கு உண்மையில மருந்தே எடுக்கல. எனக்கு 25லயே வாய் காஞ்சு போச்சு, அஞ்சு பீரியட் தொடர்ந்து பேசற வேலைல நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டா எப்படி, காலைல முதல் பீரியட்ல கண்ண சொக்கும், மலச்சிக்கல் வேற. 75க்கு என்னால ஏற முடியாதுன்னு ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டோம். ராத்திரி தூக்கமே வராதவங்களுக்கு, ஒல்லியா இருக்கறவங்களுக்கு இதே குணம் நல்லதாக்கூட அமையலாம், இதய பிரச்சனை இருந்தா ஈசிஜி பாக்காம ஏத்தக்கூடாது.

அடுத்து மூளைல செரட்டோனின கூட்டற எஸ்எஸ்ஆர்ஐ வகை, எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்ஸெடின் எல்லாம் இதுல வரும். டிப்ரஷனுக்கு உலகம் பூரா முதல்ல எடுக்கறது இதத்தான். ஆனா மைக்ரேன தடுக்கறதுல இது பெருசா உதவறதில்ல, ஆரம்ப வாரங்கள்ல சிலருக்கு தலைவலியையே கூட்டும். அதுக்காக மைக்ரேன் இருக்கறவங்க எடுக்கக்கூடாதுன்னு கிடையாது, இத நான் அழுத்திச் சொல்றேன். மனசுக்கு எஸ்எஸ்ஆர்ஐ, தலைவலிக்குத் தனியா வேற ஒண்ணுன்னு ரெண்டு மருந்துல நல்லா இருக்கறவங்க இருக்காங்க. ஒரே மாத்திரைல முடியணும்னு பிடிவாதம் பிடிச்சு ரெண்டுலயும் அரைகுறையா நிக்கறத விட அது எவ்வளவோ மேல். ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் ரெண்டும் அமிட்ரிப்டிலினோட அளவ ரத்தத்துல ஏத்திடும்ங்கறத மட்டும் டாக்டர் கவனிக்கணும், ரெண்டு டாக்டர் தனித்தனியா எழுதறப்போ தவறிப்போறது இப்படித்தான்.

எனக்குக் கடைசில முடிவானது வென்லாஃபாக்சின், செரட்டோனினோட நார்அட்ரினலின்ங்கற இன்னொரு மூளை ரசாயனத்தையும் கூட்டற எஸ்என்ஆர்ஐ வகை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012ல வெளியிட்ட வழிகாட்டில மைக்ரேன் தடுப்புக்கு அமிட்ரிப்டிலினும் இதுவும் ஒரே வரிசைல, அநேகமா பலன் தரும்ங்கற இடத்துல இருந்துச்சு. டிப்ரஷனுக்கும் 75ல இருந்தே வேலை செய்யற மருந்து, அதனால ரெண்டு நோய்க்கும் வேணும்ங்கற அளவு கிட்டத்தட்ட ஒண்ணா வருது, அமிட்ரிப்டிலின்ல இல்லாத வசதி இது. அமிட்ரிப்டிலின் அளவுக்கு தூங்க வைக்கறதில்ல, எடை ஏத்தறதும் குறைவு. 37.5ல ஆரம்பிச்சு 75, அப்புறம் 150. இதுக்கும் விலை உண்டு. முதல் வாரம் குமட்டல், வேர்வை, ராத்திரில விசித்திரமா கனவு. பிபி ஏறலாம், அதனால மாசாமாசம் பாக்கறேன். ஒரு வேளை தப்பினாலே தலை சுத்தும், தலைக்குள்ள சுரீர்னு ஷாக் அடிக்கும், அதனால ஹேண்ட்பேக்ல தனியா ஒரு அட்டை எப்பவும் இருக்கும். நல்லா ஆயிட்டோம்னு நாமளா நிறுத்தவே கூடாத மருந்து இது.

அதுக்கு முன்னாடி டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, அப்ப அது எனக்குப் புரியல. "தூக்கமே வேணாம்னு தோணி, பேச்சு நிக்காம ஓடி, காசு தண்ணியா செலவழிஞ்ச நாளுங்க எப்பவாவது இருந்துச்சா, வீட்டுல யாருக்காவது அப்படி இருந்துச்சா?" பைபோலார், அதாவது மனசு ஒரு சமயம் ரொம்ப கீழ போயி இன்னொரு சமயம் அளவுக்கு மீறி மேல ஏறற நோய், இருக்கான்னு பாக்கறதுக்காகக் கேட்டது. மைக்ரேன் இருக்கறவங்கள்ல பைபோலாரும் கொஞ்சம் அதிகமாவே காணப்படுது, அதக் கவனிக்காம வெறும் டிப்ரஷன் மருந்து குடுத்தா மனசு எதிர்ப்பக்கம் தூக்கி அடிச்சுடலாம். உங்க டாக்டர் கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.

மெடிக்கல் ஷாப்ல ஒரு பயம் காட்டினாங்க. நான் கடும் வலிக்கு சுமாட்ரிப்டான் எடுக்கறேன், வந்த மைக்ரேன அடக்கற ட்ரிப்டான் வகை மாத்திரை அது, "இதையும் வென்லாஃபாக்சினையும் சேர்த்துப் போடக்கூடாதுங்க"ன்னு கடைக்காரத் தம்பி சீட்டத் திருப்பிக் குடுத்துட்டார். அவர் சொன்னதுல அடிப்படை இல்லாம இல்ல, 2006ல எஃப்டிஏ இந்தக் கூட்டுக்கு எச்சரிக்கை விட்டுச்சு, செரட்டோனின் அளவுக்கு மீறிப்போயி உடம்பு நடுங்கி, வேர்த்து, காய்ச்சலடிச்சு, நெஞ்சு படபடக்கற ஆபத்து வரலாம்னு. ஆனா அதுக்கப்புறம் பாஸ்டன் பக்கத்து மருத்துவப் பதிவுகள 14 வருஷத்துக்குப் பாத்து 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, ட்ரிப்டானும் இந்த மாதிரி டிப்ரஷன் மருந்தும் சேர்த்து வாங்கின 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்கள்ல அந்த ஆபத்து ரொம்ப ரொம்ப அபூர்வமாத்தான் இருந்துச்சு. அதனால ரெண்டு டாக்டருக்கும் தெரிஞ்சு, அறிகுறி என்னன்னு நமக்கும் தெரிஞ்சு எடுக்கலாம்னு எனக்குச் சொன்னாங்க. எனக்கு உண்மையான எச்சரிக்கை வந்தது நான் நினைச்சே பாக்காத பக்கத்துல இருந்து. நாப்ரோக்சென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையோட எஸ்எஸ்ஆர்ஐயோ எஸ்என்ஆர்ஐயோ சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தக்கசிவு வர்ற வாய்ப்பு கூடும். தலைவலிக்காரங்க பை பூரா அந்த மாத்திரைதானே இருக்கு. மலம் கருப்பா போனா உடனே போகணும்னு சொல்லி வெச்சிருக்காங்க. ராத்திரி வலி தாங்காம பக்கத்து நர்சிங் ஹோம்ல ஊசி போட்டுக்க ஓடினா, என்ன மருந்து சாப்பிடறோம்னு முதல்ல சொல்லணும், ட்ரமடால் போட்டாங்கன்னா இதோட சேராது.

வலி மாத்திரைனு சொன்னதும் இன்னொண்ணு. பாரசிட்டமால் மாதிரி சாதா மாத்திரை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, ட்ரிப்டானோ எர்கோட்டமைன் காஃபின் கலந்த கூட்டு மாத்திரையோ 10 நாளோ அதுக்கு மேலயோ தொடர்ந்து போனா, அந்த மாத்திரையே தலைவலிய உண்டாக்கலாம். அந்த நிலைமைல தடுப்பு மருந்து பல பேருக்கு சரியா பிடிக்காது, அப்புறம் "இந்த மருந்தும் கேக்கல"ன்னு மனசு இன்னும் விழும். சமையல்கட்டுல மாட்டியிருக்கற மாசக் காலண்டர்ல மாத்திரை போட்ட தேதில சிவப்பு பேனாவுல புள்ளி வெக்க ஆரம்பிச்சேன், வீட்டுக்காரரும் பாப்பார். வலி மாத்திரைய குறைக்கற முதல் ஒண்ணு ரெண்டு வாரம் வலி ஏறும், மனசும் சேர்ந்து இறங்கும், அதனால டிப்ரஷன் மருந்து கொஞ்சம் பிடிச்சதுக்கப்புறமா அத ஆரம்பிக்கலாம்னு ரெண்டு டாக்டரும் போன்ல பேசி முடிவு பண்ணாங்க. நான் கேட்டுக்கிட்டதாலதான் பேசினாங்க. கேளுங்க, தயங்காதீங்க.

கவுன்சிலிங் பத்தி நிறைய எழுதலாம், சுருக்கமா சொல்றேன். நம்ம நினைப்பையும் பழக்கத்தையும் கவனிச்சு மாத்தக் கத்துக்குடுக்கற, சிபிடினு சொல்ற முறைல ஒரு சைக்காலஜிஸ்ட் கிட்ட போனேன். எனக்கு அதுல கிடைச்ச பெரிய பிடி, வலி இல்லாத நாள்ல விட்டதெல்லாம் சேர்த்து செஞ்சு முடிக்கற பழக்கத்த அவங்க புடிச்சுக் காட்டினது. துணி, நோட்டு திருத்தறது, மாவரைக்கறது, ஒட்டடை எல்லாம் ஒரே நாள்ல, மறுநாள் படுக்கை, படுத்ததும் "நான் எதுக்கும் லாயக்கில்ல"ங்கற நினைப்பு. இப்ப நல்ல நாள்லயும் பாதி வேலையோட நிறுத்தறேன், கஷ்டமான நாள்லயும் செடிக்கு தண்ணி மட்டுமாவது ஊத்தறேன். மாத்திரை செய்யாதத இது செஞ்சுச்சு. போடாக்ஸ் பத்தியும் பேச்சு வந்துச்சு, நாள்பட்ட மைக்ரேனுக்கு 2010ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, தலை, நெத்தி, கழுத்துன்னு 31 இடத்துல ஊசி, 12 வாரத்துக்கு ஒரு தடவை. மருந்து மருந்தா மோதற தொல்லை அதுல குறைவுங்கறது டிப்ரஷன் மருந்து எடுக்கறவங்களுக்கு நல்ல விஷயம். எங்க சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகல.

செலவ யோசிச்சு டாக்டர் கிட்டயே போகாம இருக்கறவங்களுக்கு, மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, மருந்தும் இலவசம். 2022 அக்டோபர்ல இருந்து அரசாங்கத்தோட மனநல உதவி லைன் டெலி மானஸ், 14416னு ஒரு நம்பர் ஓடுது, தமிழ்லயே பேசலாம், ராத்திரிலயும் எடுப்பாங்க. வலி அதிகமான ராத்திரில "செத்துட்டா பரவால்ல"ன்னு தோணறத நிறைய மைக்ரேன்காரங்க யார்கிட்டயும் சொல்றதில்ல, வலியால வர்ற நினைப்புதானேன்னு விட்டுடறாங்க. விடாதீங்க. அப்பவே வீட்டுல ஒருத்தர எழுப்பிச் சொல்லுங்க, அந்த நம்பருக்குப் போடுங்க. டாக்டர் கேக்கும்போதும் மறைக்காதீங்க, எந்த மருந்து, ஒரு தடவைக்கு எத்தனை நாளைக்கான மாத்திரைய கைல குடுக்கலாம்னு முடிவு பண்றது வரைக்கும் அந்தப் பதில் உதவும்.

வீட்டுல நடந்த ஒண்ண சொல்லணும். அமிட்ரிப்டிலின் எழுதினப்போ "தலைவலி மாத்திரை"ன்னு சாப்பாட்டு மேஜைல ஊறுகாய் பாட்டில் பக்கத்துல வெளிப்படையா இருந்துச்சு. வென்லாஃபாக்சின சைக்யாட்ரிஸ்ட் எழுதினதும் நானே அத பீரோக்குள்ள துணிக்கு அடில வெச்சேன். ரெண்டும் டிப்ரஷன் மருந்து, ரெண்டும் தலைவலிக்கும் குடுக்கற மருந்து, எழுதின டாக்டரோட போர்டு மட்டுந்தான் வேற. "ஏங்க, அத்தை கேட்டா என்ன சொல்றது?"ன்னேன். "உடம்புக்கு மருந்துன்னு சொல்லு, மூளையும் உடம்புலதான இருக்கு"ன்னு சொல்லி அவரே எடுத்துட்டு வந்து மேஜைல வெச்சார். அத்தை கேக்கத்தான் செஞ்சாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்க சின்னம்மா இப்படித்தான் மூலைலயே உக்காந்திருக்கும், அதுக்கு யாரும் ஒண்ணும் பாக்கல"ன்னாங்க. அன்னைல இருந்து காலைல "மாத்திரை போட்டியா"ன்னு கேக்கறது அவங்கதான்.

இப்ப தலைவலி நாள் முன்ன இருந்ததுல பாதிக்கும் கீழ வந்திருக்கு, போகல. மனசு அதவிட நல்லா தேறியிருக்கு. நல்லா ஆனப்புறமும் குறைஞ்சது 6ல இருந்து 9 மாசம் தொடரணும்னு சொன்னாங்க, அது முடியப் போகுது, குறைக்கற பேச்சு ஆரம்பிச்சிருக்கு. டாக்டரம்மா மே மாச லீவுல மெதுவா குறைக்கலாம்ங்கறாங்க. நியூரோ டாக்டர், வெயில் காலத்துல உனக்கு தலைவலி ஏறும், அப்ப தடுப்பு மருந்தக் குறைச்சா ரெண்டு பக்கமும் அடி விழும்ங்கறார். ஜூன்ல ஸ்கூல் தொறக்கற நேரம் எனக்கே வேணாம். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு, 150ல இருந்து 75க்கு வந்து அங்கயே ரெண்டு மாசம் நின்னு பாக்கலாம்ங்கறதுதான் இப்போதைக்கு மூணு பேரும் ஒத்துக்கிட்டிருக்கற விஷயம்.